மாப்பிள்ளைத் தோணியில் ஒரு குடம் தண்ணீர்

பேசின் பிரிட்ஜ் கால்வாயோர விறகுத் தொட்டிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. இராயபுரம் கல்மண்டபத்திலிருந்து அங்கே ஜட்காவுக்கு ஆறணா வாடகை. வண்டிக்காரன் எட்டணா கேட்டான். "கொடத்துக்குத் தனியா ரெண்டணாம்மா. மெதுவா போ, மெதுவா போன்னு குதிரைய நடக்க வுட்டே கொண்டாந்துட்டியே" என்றான். நியாயந்தான் என்று கொடுத்துவிட்டேன்.

குடம் செப்புக் குடம். கழுத்துவரை தண்ணீர். வாயை வாழையிலையால் மூடி, மேலே வெள்ளைத் துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். அதைப் பழவேற்காட்டு ஏரிக்குள் இருக்கிற ஒரு தீவுக்கு, சுமார் முப்பத்தைந்து மைல், பாய்த்தோணியில் வைத்து, ஒரு சொட்டுக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். என் தம்பியின் கல்யாணம் அதில் இருந்தது.

இது ஐம்பத்து மூன்றாம் வருஷம், ஈஸ்டர் கழிந்த வாரம். நான் இராயபுரத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் லீவு கிடைக்காததால் என் கணவர் வரவில்லை. தம்பி மிக்கேலுக்கு முப்பத்தொரு வயது. எங்கள் கடற்கரையில் பெரிய வலை போடும் படகில் பின்னால் நின்று திசை பிடிக்கிறவன். மூன்று இடத்தில் பெண் கேட்டாயிற்று, மூன்றும் தட்டிப்போயிற்று. இரண்டு வீட்டில் ஹார்பர் உத்தியோகம் பார்க்கிற பையனாக வேண்டும் என்றார்கள். மூன்றாவது வீட்டில் பையன் வாயே திறக்கவில்லையே, ஊமையோ என்று சந்தேகப்பட்டார்கள். நாலு பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்துக்குள் விட்டால் அவன் நிஜமாகவே ஊமைதான்.

"இதுவும் இல்லன்னு ஆச்சுன்னா இனிமே என்ன எங்கியும் இட்டுகினு போவாதக்கா" என்று புறப்படுமுன் சொன்னான். சொன்னால் சொன்னபடி செய்கிறவன்.

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் காசிம் பாய். தோணியும் அவருடையதே. தீவுகளிலிருந்து கிளிஞ்சலும் சவுக்கு விறகும் ஏற்றிப் பக்கிங்காம் கால்வாய் வழியாகப் பட்டணத்துக்குக் கொண்டுவருகிறவர். ஐம்பத்தைந்து வயது, வண்ணாரப்பேட்டைக்காரர், வாய் ஓயாது. தீவின் வழக்கத்தை எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான்.

"பொண்ணு கேக்க வர்றவங்க அவங்க ஊட்டுத் தண்ணிய ஒரு கொடம் ரொப்பி எடுத்தாரணும், டீச்சரம்மா. வழியில யாரும் அந்தத் தண்ணியத் தொடக்கூடாது. கரையில வெச்சுதான் கட்டு அவுக்கணும். பொண்ணு வாங்கிக் குடிச்சா சரின்னு அர்த்தம். அப்டியே திருப்பிக் குடுத்துட்டா வந்த வழிய பாத்துகினு போவ வேண்டியதுதான். இன்னொண்ணு, தோணிய மாப்ளதான் கரையில கொண்டாந்து வுடணும்."

தண்ணீருக்கு அல்லாடும் ஊர். போகிற இடத்தில் என்ன தண்ணீர் குடிக்கப் போகிறோம் என்று பெண் முதலில் தெரிந்துகொள்கிறாள். எவ்வளவு புத்தியான வழக்கம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எங்கள் வீட்டில் ஏது கிணறு? கல்மண்டபத்துத் தெருக்குழாய்தான். குழாயடிச் சண்டையெல்லாம் போட்டுப் பிடித்த முனிசிபல் தண்ணீரைத்தான் வெள்ளைத் துணி கட்டி மடியில் வைத்திருந்தேன்.

வெளிச்சம் வரும்போது தோணி நகர்ந்தது. தட்டையான அடி, நடுவில் ஒரு பாய்மரம், பின்னால் சுக்கான், நான் உட்கார ஓலைக் கூண்டு. முதல் மூன்று நாலு மைலுக்குப் பாய் விரிக்க வழியில்லை. பாலத்துக்குப் பாலம் பாய்மரத்தையே அடியோடு சாய்க்க வேண்டும். பாலத்துக்கு அடியில் குனிந்து போய், அந்தப் பக்கம் வந்ததும் திரும்ப நிமிர்த்த வேண்டும். மிக்கேல் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தான். காசிம் பாய் கழி ஊன்றினார். நான் குடத்தைப் பிடித்துக்கொண்டேன்.

எதிரே விறகுத் தோணி ஒன்று வந்தது. "இன்னா பாய், தோணியெல்லாம் கழுவி ஜோரா கீது?" என்று அதிலிருந்தவன் கேட்டான்.

"மாப்ள ஊர்கோலம்டா! தோ, கயிறு இஸ்துகினு போறாரு பாரு, அவர்தான் மாப்ள!"

மிக்கேல் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக இழுத்தான்.

வண்ணாரப்பேட்டை முதுகுப்புறம், சாயத்தண்ணீர், தண்டையார்பேட்டையில் வரிசையாக எண்ணெய்த் தொட்டிகள். மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய இடங்கள் உண்டு, மறைப்பானேன். திருவொற்றியூர் கோபுரம் வலப்பக்கம் தெரிந்தபோது ஏதோ ஆலைச் சங்கு ஊதியது. கரையோரமாகச் சோற்றுத்தூக்கு எடுத்துக்கொண்டு போன பெண்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். அதற்கப்புறம் பாலங்கள் குறைந்தன. தெற்கிலிருந்து காற்று வந்தது.

"ஏறுடா நைனா! பாயத் தூக்கு!" என்றார் காசிம் பாய்.

மிக்கேல் ஒரே தாவில் தோணிக்குள் வந்தான். கயிறு கிறீச்சிட்டது, பழுப்புப் பாய் மேலே போய் ஒரு தடவை படபடத்து, பிறகு காற்றை வாங்கிக்கொண்டு உப்பியது. அவ்வளவுதான். சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. பஸ்ஸில், டிராமில், மின்சார ரயிலில் எல்லாம் போயிருக்கிறேன். என்னை இழுத்துப்போவது எதுவென்றே காதில் விழாமல் நான் பிரயாணம் செய்தது அதுதான் முதல் தடவை. தோணியின் பக்கத்தில் தண்ணீர் உரசும் ஓசை மட்டும். முப்பத்தைந்து வருஷமாகக் கடலோரத்திலேயே குடியிருக்கிறேன், ஒரு நாளாவது பாய்த்தோணியில் ஏறத் தோன்றவில்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது.

எண்ணூரை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. சென்னையிலிருந்து பத்து மைல்தான். ஆனால் கால்வாய் சட்டென்று அகன்று உப்பங்கழியோடு கலக்கும் அந்த இடத்தில் வேறு தேசத்துக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். ஒரு பக்கம் துரைமார் காலத்துப் பங்களாக்கள் காரை பெயர்ந்து நின்றன. மறுபக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாகப் பெண்கள், பல்லில் ஓலைப்பறிக் கூடையைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்தார்கள். கரையில் ஒரு கிழவர் இட்லிக் கடை வைத்திருந்தார். இட்லி அரையணா. அணாவுக்கு ஒரு சின்னச் சட்டி இறால் குழம்பு. பட்டணத்தில் எந்த ஓட்டலிலும் அந்தக் குழம்பு கிடைக்காது. கிடைத்தால் நான் சமைப்பதை நிறுத்திவிடுவேன்.

காசிம் பாய் சாப்பிட்டுவிட்டுக் குடத்தைப் பார்த்தார். "பத்திரமா கீதா?"

"உங்கள் தோணியைவிடப் பத்திரமாக இருக்கிறது" என்றேன்.

அத்திப்பட்டு உப்பளங்கள் மத்தியானத்தில் கண்ணைக் கூசவைத்தன. வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே ஆட்கள் கறுப்பாக நடமாடினார்கள். அதைத் தாண்டினால் வலப்பக்கம் காட்டுப்பள்ளி. ஒருபுறம் கடல், ஒருபுறம் உப்பங்கழி, நடுவில் மணலும் பனையும் சவுக்குமாக நீண்டு கிடக்கும் தீவு. மாலையில் அங்கே இறங்கினோம். இறங்கியதும் காலில் பட்ட மணல் மாவுபோல இருந்தது.

அங்கே ஒரு விந்தை பார்த்தேன். உப்புத் தண்ணீருக்கு இருபதடி தள்ளி, மணலில் ஒரு பெண் முழங்கை ஆழத்துக்குக் கையாலேயே குழி பறித்தாள். சற்று நேரத்தில் தண்ணீர் ஊறியது. அள்ளிக் கொடுத்தாள். கற்கண்டுத் தண்ணீர்! இன்னும் பறித்தால் நிறைய வருமே என்று நான் குனிந்தேன். "வேணாம்மா, இன்னொரு சாண் போனா உப்பு ஏறிக்கும்" என்று என் கையைப் பிடித்தாள். மேலே மழை விட்டுப்போன நல்ல தண்ணீர் கொஞ்சம், அதற்கடியில் முழுக்க உப்பு. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு ஒரு ஊரே குடித்தனம் நடத்துகிறது. எங்கள் குடிதண்ணீர்ப் பானையை அவளே நிரப்பிக் கொடுத்தாள், காசு வாங்கவில்லை. நுங்குக்கு மட்டும் வாங்கினாள், மூன்று சுளை காலணா. நான் ஒரேயடியாக ஒன்பது சுளை சாப்பிட்டேன். மறுநாளுக்கு இரண்டு மீதி வைத்திருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

மறுநாள் காலை ஏரிக்குள் நுழைந்தோம். ஏரி என்றால் நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. வானம் தண்ணீரில் இறங்கியிருக்கும், எங்கே கோடு என்று சொல்ல முடியாது. நடுநடுவே திட்டுகள், ஒவ்வொன்றிலும் நாலு பனை, பத்துக் கூரை, ஒரு சின்னக் கோயிலோ மாதா குருசடியோ. தூரத்தில் யாரோ ரோஜா நிறச் சேலைகளை வரிசையாக உலர்த்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தோணி நெருங்கியதும் சேலைகள் அத்தனையும் எழுந்து பறந்தன. பூநாரைகள்! சிறகின் உட்பக்கம் சிவப்பும் கறுப்பும். நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்திருந்தால் அடுத்த நாளிலிருந்து என்னை மதித்திருக்க மாட்டார்கள்.

மிக்கேலும் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லாகீதுக்கா" என்றான். அவன் வாயில் அது ஒரு பிரசங்கம்.

நாங்கள் போகவேண்டிய திட்டுக்குத் தேசப்படத்தில் பேர் கிடையாது. காசிம் பாய் விரல் நீட்டிக் காட்டினார். கரையில் முப்பது பேர் கூடியிருந்தார்கள். தண்ணீரில் குச்சிகள் நட்டு வழி அடையாளம் வைத்திருந்தார்கள்.

"கேட்டுக்க நைனா. கடைசிக் குச்சி வந்ததும் பாய எறக்கிடணும். அப்பறம் தானா மெதக்கவுட்டு மெதுவா கழி போட்டுப் போவணும். தண்ணி வத்திகினு கீது, ரெண்டு பக்கமும் ஒள. இன்னா?"

ஒள என்றால் உளை, புதைசேறு. மிக்கேல் தலையாட்டினான். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சுக்கானைக் கையில் வாங்கினான்.

இங்கே எங்கள் கடற்கரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இராயபுரத்தில் படகு கரைக்கு வருவது மெதுவான காரியம் இல்லை. அலைக்கு வெளியே காத்திருந்து, பெரிய அலை ஒன்று முதுகில் ஏறியதும், பின்னால் நிற்கிறவன் எழுந்து நின்று ஒரு கத்து கத்துவான். பன்னிரண்டு பேரும் உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போடுவார்கள். நடுவில் தயங்கினால் அடுத்த அலை பின்னாலிருந்து படகைப் புரட்டிவிடும். எங்கள் சித்தப்பா ஒருவர் அப்படித்தான் போனார். கரை கிட்டே வந்தால் வேகம் கூட்டு, இதுதான் பதினைந்து வயதிலிருந்து மிக்கேலின் உடம்புக்குத் தெரிந்த ஒரே பாடம்.

கடைசிக் குச்சி வந்தது. கரையில் ஜனங்கள். முதுகில் நல்ல காற்று. என் தம்பி எழுந்து நின்றான்.

"பாய எறக்கு! எறக்குடா!" என்று காசிம் பாய் கயிற்றுக்குப் பாய்ந்தார்.

மிக்கேல் ஒரு கத்து கத்தினான். பன்னிரண்டு பேருக்குக் கேட்கிற கத்து. தோணி முழுப் பாயோடு சீறிக்கொண்டு போய், வழியை விட்டு விலகி, 'சளக்' என்று நின்றது. நான் குடத்தைக் கட்டிக்கொண்டு கூண்டுக்குள் உருண்டேன். குடம் பிழைத்தது. குடிதண்ணீர்ப் பானை சுக்குநூறாயிற்று.

எழுந்து பார்த்தேன். கரைக்கு இன்னும் இருநூறு கஜம் இருக்கும். எங்களைச் சுற்றி நாலு விரல் ஆழத் தண்ணீர், அதுவும் எங்கள் கண்முன்னாலேயே வடிந்துகொண்டிருந்தது. காசிம் பாய் கழியை ஊன்றினார். கழி ஆள் ஆழத்துக்கு உள்ளே போயிற்று, வெளியே வர மாட்டேன் என்றது. இறங்கி நடக்க முடியாது, அவர்கள் தோணியும் இங்கே வர முடியாது. மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்த பலகாரமாக ஊர் பார்க்க உட்கார்ந்திருந்தோம்.

கரையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. பெண்ணை வளர்த்த பெரியம்மா, சூசையம்மா என்று காசிம் பாய் சொன்னார்.

"இன்னா பாய்! தோணிய ஏன் அங்கியே நிறுத்திட்ட?"

"நா நிறுத்தலம்மா! மாப்ள நிறுத்திட்டாரு!"

கரை முழுக்கச் சிரிப்பு. மிக்கேல் சுக்கானைப் பிடித்தபடியே அசையாமல் நின்றான். காது மடல் சிவந்திருந்தது.

"தண்ணி எப்ப ஏறும்?" என்று நான் கேட்டேன்.

"பொழுது சாயணும்" என்றார் பாய்.

கரையிலிருந்தவர்களும் கலைகிற வழியாக இல்லை. குடை, ஓலை, முறம் எல்லாம் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். சூசையம்மா மறுபடி எழுந்தாள். "கொடம் பத்திரமா?"

"பத்திரம்!" என்று நான் கூவினேன். நாற்பது பிள்ளைகளை மேய்க்கிற தொண்டை.

"ரொம்பியிருக்குதா?"

"ஒரு சொட்டுக் குறையவில்லை!"

"பையன் பேரு இன்னா?"

"மிக்கேல்!"

"ஒன்ன கேக்கல! அவரு வாயால சொல்லட்டும்!"

இத்தனை பேர் எதிரில் இவன் எங்கே வாய் திறக்கப் போகிறான்? மிக்கேல் மெல்ல நிமிர்ந்தான். மார்பு நிறைய மூச்சு வாங்கினான்.

"மிக்கேல்!"

பக்கத்துச் சேற்றிலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன.

"இன்னா வேல?"

"பெரிய வல! சுக்கான் நான்தான்!"

"குடிப்பியா?"

"எப்பனாச்சும்!"

"நெசத்தத்தாம்மா சொல்றான்!" என்று காசிம் பாய் கேட்காமலேயே சாட்சி சொன்னார்.

"அடிப்பியா?"

"எங்கக்கா பக்கத்துத் தெருவுல கீது! அடிச்சா என்னிய கொன்னுடும்!"

கரையில் பெண்கள் கைதட்டினார்கள். நான் திகைத்துப்போய்த் தம்பியைப் பார்த்தேன். கூடத்தில் பேச்சு வராதவனுக்கு இருநூறு கஜத்துக்கு அப்பால் பேச்சு கொட்டுகிறது! அவன் பிழைப்பே அலைக்கு மேல் கத்துவதுதானே. முன்பே தெரிந்திருந்தால் அந்த மூன்று வீட்டுக்கும் எதிர்த்தெருவில் நின்றே பெண் கேட்டிருப்பேன்.

அப்போது இன்னொரு குரல் வந்தது, மெல்லிய ஆனால் நீளமாகப் போகிற குரல். நீலப் புடவை கட்டிய பெண் எழுந்து நின்றிருந்தாள். "அதான் பிலோமினா, பொண்ணு" என்றார் பாய் என் காதில்.

"ஏன் அவ்ளோ வேகமா வுட்ட?"

மிக்கேல் கொஞ்சம் யோசித்தான். "எங்கூருல மெதுவா வந்தா அல கவுத்துடும்! கைக்கு அதான் பழக்கம்! பாய் சொன்னாரு, நாந்தான் கேக்கல! தப்பு என்துதான்!"

அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு காற்று நின்றுபோயிற்று. பங்குனி வெயில் தலைக்கு நேரே வந்தது. சேறு கொதித்து வாடை வீசியது. காசிம் பாய்க்குச் சும்மா இருக்கத் தெரியாது. சிக்கியது தன் தோணி, கெட்டது தான் கொண்டுவந்த சம்பந்தம் என்று, கழியை ஊன்றுவதும் பிடுங்குவதுமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம் பாய் என்று இருவரும் சொன்னோம், கேட்கவில்லை. ஒரு சமயத்தில் கழி கையிலிருந்து நழுவியது. அப்படியே சரிந்து உட்கார்ந்தார். உதடு வெளுத்திருந்தது. வியர்வையே இல்லை. ஓயாத அந்த வாய் அடங்கிப்போயிருந்தது.

கூண்டின் நிழலுக்கு இழுத்துப் போட்டோம். சுற்றிலும் உப்பு. பானையின் ஓடுகள் காலடியில் கிடந்தன. எங்களிடம் இருந்த தண்ணீர் என் கையில் இருந்த குடம் மட்டுமே.

மிக்கேல் குடத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். "கட்டை அவிழ்த்தால் சம்பந்தம் போச்சு, தெரியுமில்லையா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"தெரியுங்க்கா. குடு."

அவன் துணியை அவிழ்ப்பதைக் கரையிலிருந்து பார்த்துவிட்டார்கள். "அத்தத் தொடாதப்பா! கரையிலதான் தொறக்கணும்!" என்று சூசையம்மா அலறினாள்.

"மனுசனுக்குத் தண்ணி வோணும்!" என்று மிக்கேல் கத்தினான்.

முதலில் பாயின் தலையில் கொஞ்சம் ஊற்றினான், முகத்தைத் துடைத்தான். பிறகு தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சிரட்டை சிரட்டையாகக் குடிக்கவைத்தான். மூன்றாவது சிரட்டையில் பாய் கண் திறந்தார். குடத்தைப் பார்த்தார். "அடப்பாவி, இன்னா காரியம் பண்ணிட்ட" என்றார். எனக்கும் ஒரு சிரட்டை கொடுத்தான். வேண்டாமென்று சொல்ல நினைத்தேன், தொண்டை கேட்கவில்லை. குடித்துவிட்டு அழுதேன். பாய்க்காகவா, தம்பிக்காகவா, அந்தக் குடத்துக்காகவா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும்தான். மீதித் தண்ணீர் குடத்தில் பாதிக்கும் கீழே நின்றது. மிக்கேல் திரும்ப இலையை வைத்துத் துணியைக் கட்டினான்.

வெயில் சாய்ந்த பிறகு தண்ணீர் வந்தது. அலையில்லை, ஓசையில்லை. சேற்றில் நண்டு வளைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. ஒரு பளபளப்பு எங்களைத் தாண்டிக் கரைப்பக்கம் நகர்ந்தது. திடீரென்று தோணி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் அசைந்து மிதந்தது. அவ்வளவு நேரம் அத்தனை பாடுபட்டும் நகராதது, தானாகக் கிளம்பிவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதைப் பார்க்கவே ஒருவர் அங்கே போய் ஒரு நாள் சேற்றில் மாட்டிக்கொள்ளலாம்.

"வா பாய், திரும்பிடலாம்" என்றான் மிக்கேல்.

"வந்தது வந்தோம், கரையத் தொட்டுட்டுப் போலாம் நைனா. சொல்லிக்காமப் போனா மருவாத இல்ல" என்றார் பாய்.

தோணிப் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மிக்கேல் கழி போட்டான். எவ்வளவு மெதுவாகத் தெரியுமா! தோணி எப்போது கரையைத் தொட்டது என்றே தெரியவில்லை. நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

பிலோமினா முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினாள். கொடுத்தேன். அவள் கை அதன் எடையை அறிந்தது.

"கொறக்கொடம்டீ" என்றாள் சூசையம்மா. திட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாள். "வழக்கம்னு ஒண்ணு கீது. திருப்பிக் குடுத்துடு."

பிலோமினா துணியை அவிழ்த்து என் தோளில் போட்டாள். "காசிம் பாய் மயங்கி சாஞ்சத நாங்க எல்லாருந்தான பாத்தோம், பெரியம்மா. அதுக்கப்பறமும் கொடம் ரொம்பி வந்திருந்தா நானே திருப்பிக் குடுத்திருப்பேன்."

குடத்தைத் தூக்கி வாயில் வைத்துக் குடித்தாள். முகம் சுளித்தாள். "இன்னா தண்ணி இது, துருவாசன அடிக்குது" என்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சூசையம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காசிம் பாய் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

மிக்கேல் மட்டும் தோணியின் பக்கத்திலேயே, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். இவ்வளவு கிட்டத்தில் வந்ததும் பேச்சு மறுபடி அடைத்துப்போயிற்று. பிலோமினா குடத்தோடு தண்ணீரில் இறங்கி அவனிடம் போனாள்.

"பாய்க்குக் குடுத்த. அக்காவுக்குக் குடுத்த. நீ குடிக்கவேல்ல" என்றாள். "குடி."

அவன் குடித்தான். குடம் காலியாகும்வரை குடித்தான்.

மறுநாள் காலை புறப்பட்டபோது குடத்தில் தீவின் மணலூற்றுத் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தார்கள். வாடைக் காற்று கிடைக்காமல் வழிநெடுகக் கயிறு இழுத்தும் கழி போட்டும் வந்தோம். தூரத்தில் ஹார்பர் கிரேன்கள் தெரிந்தன. எங்கள் ஊரில் கரைக்கு வருகிற எதுவும் மோதிக்கொண்டுதான் வருகிறது. படகு, கப்பல் சரக்கு, ஆலைச் சங்கு, குழாயடியில் பெண்கள், எல்லாம் அப்படித்தான். அதில் ஒரு வீரம் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் தானாக வந்து தூக்கிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிற ஊரும் இதே மண்ணில், முப்பத்தைந்து மைலில் இருக்கிறது. ஒரு தடவையாவது பாய் விரித்துப் போய்ப் பாருங்கள். நுங்கு மட்டும் கொஞ்சம் மீதி வையுங்கள்.

பிலோமினா இப்போது கல்மண்டபத்தில் எனக்குப் பக்கத்துத் தெரு. தண்ணீரில் துருவாசனை என்று இன்றைக்கும் குழாயடியில் முனகுகிறாள். மத்தியானம் வலை இழுத்துவிட்டு மிக்கேல் வந்தால் முதல் சொம்பை அவன் கையில் கொடுப்பாள். அவன் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.